ஓய்வு உடலுக்குத்தான், படிப்புக்கு அன்று

நோயின் காரணமாக வீட்டிலிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்குப் பாடம் சென்று சேரும் வழிகள்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், விருத்தாசலத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாயுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தாள். நான்கு மாதங்களுக்கு முன் ருமாட்டிக் காய்ச்சலால் மூட்டுகள் வீங்கி, இதயத்திலும் அழற்சி ஏற்பட்டு, எங்களிடம் உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பியவள். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசியை அவள் குடும்பத்தார் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. இதயத்தைச் சோதித்தோம், அழற்சி நன்கு தணிந்திருந்தது. மகிழ்ச்சியுடன், "பள்ளியில் இப்போது என்ன பாடம் நடக்கிறது?" என்று கேட்டோம். அவள் பதில் சொல்லாமல் தாயைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போகலைங்க டாக்டர். நீங்கதானே முழு ஓய்வுன்னு எழுதிக் கொடுத்தீங்க? எப்ப போகலாம்னு எழுதலையே" என்றார் தாய்.

கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. "முழு ஓய்வு தேவை" என்று எங்கள் கையெழுத்தே இருந்தது. எந்த நாள் வரை என்ற குறிப்பு இல்லை. மாணவியின் விரல் நுனிகளில் காவி வண்ணம் படிந்திருந்தது. பள்ளிக்குச் செல்லும் அளவுக்கு உடல் தேறவில்லை என்று கருதப்பட்ட பெண், வீட்டுப் பட்டறையில் அகல் விளக்குகளை வெயிலில் பரப்புவதும், வண்ணம் தீட்டுவதும், தட்டுத் தட்டாகத் தூக்கி வைப்பதுமாக நான்கு மாதங்களைக் கழித்திருந்தாள். இனிப் படிப்பு வேண்டாம் என்று உறவினர்கள் பேசத் தொடங்கிவிட்டதாகவும் தாய் தயங்கியபடி தெரிவித்தார்.

நோயிலிருந்து காப்பாற்றிய குழந்தையை, தேதியிடாத ஒரு வரியினால் பள்ளியிலிருந்து ஏறத்தாழ இழக்கவிருந்தோம். அந்தப் பிழை எங்களுடையது. நீண்ட நாள் வீட்டிலிருக்க நேரும் மாணவருக்குப் பள்ளியும் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்பதை அதன் பிறகே முறையாகச் சிந்திக்கத் தொடங்கினோம். அவ்வாறு நாங்கள் கற்றவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம்.

பள்ளி வீட்டுக்கு வந்த காலங்கள்

பிள்ளை பள்ளிக்குச் செல்ல இயலாதபோது பள்ளி பிள்ளையிடம் செல்வது புதிய செய்தியன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாத நோய் பரவியபோது, செப்டம்பரில் பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. ஆசிரியர்கள் உள்ளூர் வானொலி நிலையங்களிலிருந்து பாடம் நடத்தினர். அன்றைய பாடக் குறிப்புகளும் வினாக்களும் நாளிதழ்களில் அச்சாயின. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பண்ணை வீடுகளில் தனித்து வாழ்ந்த பிள்ளைகளுக்காக, 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் "வான்வழிப் பள்ளி" தொடங்கியது. அங்கே பிள்ளைகள் இருவழி வானொலி மூலம் ஆசிரியரிடம் வினாவும் எழுப்ப முடிந்தது.

நம் மாநிலத்தில் இந்த அனுபவம் ஒவ்வொரு வீட்டுக்கும் 2020இல் வந்தது. மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் அடிப்படையில் 80 விழுக்காடும் வருகைப் பதிவின் அடிப்படையில் 20 விழுக்காடுமாக மதிப்பெண் வழங்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலை நடுவிலிருந்து வகுப்புவாரியாகக் கால அட்டவணையிட்டுப் பாடங்களை ஒளிபரப்பியது. அரசு கேபிளில் 200ஆம் எண் அலைவரிசையைப் பல வீடுகள் அப்போதுதான் முதன்முறையாகத் திருப்பின. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு, அரசு வழங்கிய மடிக்கணினியிலேயே பாடக் காணொளிகள் பதிவேற்றிக் கொடுக்கப்பட்டன. புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டிருந்த கியூஆர் குறியீடுகள் வழியே திக்ஷா தளத்தின் பாடங்களைக் காண முடிந்தது. ஆசிரியர்கள் வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு அமைத்துப் பணித்தாள்களை அனுப்பினர்.

அந்த ஏற்பாட்டின் குறைகளையும் நாம் நன்கறிவோம். விருத்தாசலம் போன்ற ஊரில் வீட்டுக்கு ஒரு கைப்பேசிதான். அதுவும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். பீங்கான் பொம்மைக்கும் அகலுக்கும் வரும் ஆர்டர்கள் அந்தக் கைப்பேசியில்தான் வருகின்றன. காலை பத்து மணி நேரலை வகுப்பு அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படாது. தொலைக்காட்சியோ பேசும், கேட்காது. பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பவே 2021 அக்டோபர் 27 அன்று "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் வசிக்கும் இடத்திலேயே தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தனர்.

இந்த அனுபவத்திலிருந்து நோயுற்ற மாணவருக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பாடம் கிடைக்கும் வழிகள் இப்போது இருக்கின்றன; அவற்றைத் தேடிப் பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, கருவி மட்டும் போதாது, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, "எது புரியவில்லை?" என்று கேட்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

எத்தனை நாள் வீட்டிலிருக்க வேண்டும்?

பள்ளியிடம் பேசுவதற்கு முன், எவ்வளவு காலம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் வீட்டிலிருப்பதே பெரும்பாலான பிள்ளைகளின் சிக்கல். பொதுவான நிலை இது:

சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை. பெரும்பாலும் இது 5 முதல் 7 நாள்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகே வெளியே அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதற்கு மேலும் வாரக்கணக்கில் நீட்டிக்கத் தேவையில்லை.

தட்டம்மை: தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாள்கள். பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள்கள். உணவு, நீர் வழிப் பரவும் மஞ்சள் காமாலை: குறைந்தது ஒரு வாரம், பின்னர் உடல் வலுவைப் பொறுத்து.

டெங்கு: ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்குப் பரவாது. காய்ச்சல் நீங்கி, இரத்தப் பரிசோதனை சீராகி, களைப்பு தீர்ந்ததும் செல்லலாம்.

நுரையீரல் காசநோய்: சிகிச்சை பொதுவாக 6 மாதம், ஆயினும் 6 மாதமும் வீட்டிலிருக்க வேண்டியதில்லை. மருந்து சரியாக வேலை செய்தால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை நீங்கிவிடுகிறது. திரும்பும் நாளை மருத்துவர் உறுதி செய்வார்.

சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கும் நெஃப்ரோடிக் நோய்: வீக்கம் மிகுந்த நாள்களில் மட்டுமே ஓய்வு. நோய் தணிந்த காலத்தில் பிள்ளை மற்றவர்களைப் போலவே பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

இரத்தப் புற்றுநோய்: சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளலாம். தொடக்கத்தில் பல மாதங்கள் வீட்டுப் படிப்பே பாதுகாப்பு. பராமரிப்புச் சிகிச்சைக் காலத்தில் மருத்துவரின் ஒப்புதலுடன் பல பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புகின்றனர்.

வலிப்பு, ஆஸ்துமா, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் ஆகியவை கட்டுப்பாட்டில் இருக்கும்போது வீட்டிலிருக்கக் காரணங்கள் ஆகா. இந்நோய்கள் உள்ள பிள்ளைகளுக்கு, அவசர வேளையில் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பைப் பள்ளியில் கொடுத்து வைத்தால் போதும்.

பள்ளி செய்யக்கூடியவை

எங்கள் மாணவியின் பள்ளித் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் பேசியபோது, அவர் முதலில் சொன்னது, "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்பதுதான். நீண்ட நாள் வராத மாணவியென்று வருகைப் பதிவேட்டில் குறித்திருந்தனர். உடல்நிலையை விளக்கியதும், அடுத்த வாரமே ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். அது செலவில்லாதது, எந்தப் பள்ளியும் செய்யக்கூடியது. அதன் அமைப்பை இங்கே விரிவாகத் தருகிறோம்.

முதலாவதாக, ஒரே ஓர் ஆசிரியரைத் தொடர்பாளராக நியமித்தனர். ஐந்து பாட ஆசிரியர்களும் தனித்தனியே அழைத்தால் வீடு குழம்பும். வகுப்பாசிரியர் மட்டுமே பேசுவார். மற்றவர்கள் அவரிடம் தெரிவிப்பர்.

இரண்டாவதாக, வாரத்துக்கு ஒரு தாள். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கங்கள், எந்தக் கணக்குகள், எந்த வினாக்கள் என்று அதில் குறித்திருந்தது. அதே தெருவில் வசித்த வகுப்புத் தோழி வெள்ளிக்கிழமை மாலையில் அதைக் கொண்டுவந்தாள். முடித்த ஒப்படைவைத் திங்கள்கிழமை காலையில் எடுத்துச் சென்றாள். இணையம் இல்லாத நாளிலும் இது நிற்கவில்லை. பாடத்தை விடத் தோழியின் வருகையே மாணவியைத் தேற்றியது என்று தாய் பின்னர் எங்களிடம் கூறினார்.

மூன்றாவதாக, நேரலைக்குப் பதில் பதிவு. கணித ஆசிரியர் ஒவ்வொரு புதிய கணக்கு முறையையும் சில நிமிடக் குரல் பதிவாகவும், கரும்பலகையின் படமாகவும் அனுப்பினார். தந்தை வீடு திரும்பும் இரவு ஏழு மணிக்கு மேல் மாணவி அதைக் கேட்டாள். அறிவியலுக்குக் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கமும் பாடநூலின் கியூஆர் குறியீடும் உதவின.

நான்காவதாக, முன்னுரிமை. விட்டுப்போன நான்கு மாதப் பாடத்தையும் ஒரே மூச்சில் பிடிக்க முயலவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றின் அடிப்படைப் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டனர். சமூக அறிவியலைத் தானே படித்துக்கொள்ளலாம் என்று விட்டனர்.

ஐந்தாவதாக, வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடத் தொலைபேசி உரையாடல். புரியாததைக் கேட்பதற்கான நேரம் அது. முதல் இரண்டு வாரம் மாணவி எதுவுமே கேட்கவில்லை. மூன்றாம் வாரம் நான்கு கேள்விகளைக் குறித்து வைத்திருந்தாள்.

வீட்டிலிருந்து செய்ய முடியாதவையும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. அதை ஆய்வகத்தில்தான் செய்து பழக வேண்டும். அவற்றைத் தனியே பட்டியலிட்டு, பிள்ளை திரும்பியதும் செய்வதற்கு ஒதுக்கி வைக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டிலிருக்க நேரும் என்று தெரிந்த அன்றே தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். மருத்துவச் சான்றிதழின் படியொன்றைக் கடிதத்துடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வருகைக் குறைவு பற்றிய பேச்சு பின்னாளில் எழுந்தால் அது உதவும்.

நோயின் பெயரைச் சொல்லத் தயங்கும் பெற்றோர் பலர். காசநோய், வலிப்பு, புற்றுநோய் ஆகியவற்றில் இந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. சான்றிதழில் நோயின் பெயரைத் தவிர்த்து, "சிகிச்சையில் உள்ளார், இன்ன தேதி வரை பள்ளிக்கு வர இயலாது, வீட்டிலிருந்து படிக்கலாம்" என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

எக்காரணம் கொண்டும் அவசரப்பட்டு டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும் வரை பள்ளிக்குப் பொறுப்பு உண்டு. திரும்பும் கதவும் திறந்திருக்கும்.

கடுமையான உடற்குறையோ பல்வகைக் குறைபாடுகளோ உள்ள 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். வட்டார வள மையத்தில் கேட்டறியலாம். தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் சோகை ஆகிய இரத்த நோய்களும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தகுதியுள்ள பிள்ளைகள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கோரலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகச் செல்ல வேண்டும் என்பதால் தேர்வு நெருங்கும் வரை காத்திருக்கக் கூடாது.

படிக்கும் நேரமும் இடமும்

நோயுற்ற பிள்ளையின் வீடு பள்ளியாக மாறும்போது பள்ளியின் கால அட்டவணையை அப்படியே கொண்டுவரக் கூடாது. 2020 ஜூலையில் மத்தியக் கல்வித்துறை வெளியிட்ட நெறிமுறை, 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான நலமுள்ள மாணவருக்கே நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான நான்கு இணையவழி வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்றது. நோயிலிருந்து தேறும் பிள்ளைக்கு, ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று காலையில் இரண்டு முறை, மாலையில் ஒருமுறை எனத் தொடங்கினால் போதும். களைப்பு, தலைவலி, மங்கலான பார்வை, மூச்சு வாங்குதல் தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். ஊசி போட்ட நாளும், மருந்தால் குமட்டல் உள்ள நாளும் விடுமுறை நாள்களே. திரை பார்க்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடி பார்க்கப் பழக்குங்கள்.

விருத்தாசலம் பகுதிப் பெற்றோருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் பட்டறையும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. களிமண் பொடியைச் சலிக்கும், காய்ந்த பொருளைத் தேய்த்து வழவழப்பாக்கும் இடத்தில் எழும் தூசியில் சிலிக்கா உண்டு. நலமுள்ளவர் நுரையீரலுக்கே அது தீங்கு. ஆஸ்துமா, காசநோய், இதய நோய் உள்ள பிள்ளைக்கு மேலும் தீங்கு. படிக்கும் இடம் பட்டறையிலிருந்து விலகி, காற்றோட்டமாக இருக்கட்டும். பட்டறையைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். பிள்ளைக்கு ஓய்வு என்றால் பட்டறை வேலைக்கும் ஓய்வுதான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பள்ளியை விடப் பட்டறையே உடலை அதிகம் வருத்தும்.

திரும்பிச் செல்லும் நாள்

எங்கள் மாணவி ஏழு வாரம் வீட்டிலிருந்து படித்த பின், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குச் செல்லலாம் என்று முடிவு செய்தோம். தாய் அஞ்சினார், உறவினர் தடுத்தனர். அவளுடைய தந்தைதான் எங்கள் ஆலோசனையை அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். "ஈரம் போகாத அகலைச் சூளையில வெச்சு உடனே எரிச்சா வெடிச்சுடும். மெதுவா சூடு ஏத்தணும். டாக்டர் சொல்றது அதுதான். சூளையிலயே வைக்க வேணாம்னு சொல்லலை" என்றார்.

அதன்படி முதல் வாரம் முற்பகல் மட்டும். இரண்டாம் வாரம் மதிய உணவு வரை. மூன்றாம் வாரம் முழுநாள். விளையாட்டுப் பாடவேளையில் ஓட்டமில்லாமல் அமர்ந்திருக்க அனுமதி. மேல்தளத்திலிருந்த வகுப்பைத் தலைமையாசிரியர் தரைத்தளத்துக்கு மாற்றினார். மருந்தினால் முடி உதிர்ந்த, முகம் உப்பிய பிள்ளைகள் திரும்பும்போது, வகுப்புத் தோழர்களிடம் ஆசிரியர் முன்னதாகவே ஓரிரு சொற்கள் பேசி வைப்பது பெரிய உதவி. பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்குவதில் சில வேளை நோயை விடக் கேலிக்கே பங்கு அதிகம்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

இப்போது எங்கள் பிரிவில் பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஓய்வு எழுதும்போது மூன்று வரிகள் எழுதுகிறோம். எந்தத் தேதி வரை ஓய்வு, எப்போது மறுபரிசோதனை என்பது முதல் வரி. வீட்டிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் படிக்கலாம் என்பது இரண்டாவது. எதைச் செய்யக் கூடாது என்பது மூன்றாவது. உங்கள் பிள்ளையின் சீட்டில் இந்த மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், அறையை விட்டு வெளியேறுமுன் தயங்காமல் கேளுங்கள். அன்று அந்தத் தாய் கேட்டிராவிட்டால் எங்கள் பிழை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த மாணவி மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள். மதிப்பெண் பட்டியலுடன் ஊசி போட வந்த நாளில், "கணக்கில்தான் குறைஞ்சுபோச்சு டாக்டர்" என்று வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்தோம்.